மேற்படி மாணவி

அரூர்க் கல்லூரி, மகளிர் விடுதி, புதுக் கட்டடம்.
கோப்பைத் திறந்தவன் நான்.
காரணங்களைத் தட்டச்சு செய்தவனும் நான்தான்.

முதல் கடிதத்துக்குப் பதில்: "இடமில்லை."
பதினான்காம் அறைச் சாவி அப்போது என் இழுப்பறையில்.
உள்ளே இரண்டு கட்டில்,
சன்னல் கம்பியில் ஒரு குளவிக்கூடு.

சாலம்மாள் மறுபடி எழுதினாள்.
"மாணவியின் நலன் கருதிப்
பழைய விடுதியிலேயே தொடரலாம்" என்றோம்.
பழைய விடுதி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால்.
ஒரே கூடம், முப்பத்தெட்டுப் பேர்,
தகரக் கதவு போட்ட கக்கூஸ் ஒன்று.
காலனிப் பிள்ளைகள் அங்கேதான் என்று
எந்த விதியிலும் எழுதவில்லை;
சேர்க்கை நாளில்
காப்பாளர் விரல் நீட்டும் திசையில் அது இருந்தது.

மூன்றாவது காரணம், பெற்றோர் மனம்.
எந்தப் பெற்றோர் என்று முதல்வர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
ஒற்றுப்பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

பிறகு விசாரணைக் குழு.
ஐந்து நாற்காலி, ஒரு தட்டு முந்திரி பிஸ்கட்.
அவள் நின்றாள்.
"ஊரில் கலவரம் வந்தால் யார் பொறுப்பு?"
"நாங்களா வேண்டாங்கறோம்? காலம் கனியணும்மா,"
சொல்லிவிட்டுக் காப்பாளர் துரைக்கண்ணு சிரித்தார்.
அவளும் சிரித்தாள்.

அப்போதுதான் பார்த்தேன்.
அவர் பல்லில் இருந்த காவிக்கறை
அவள் பல்லிலும்.
முதல்வருக்கும் உண்டு. எனக்கும்.
இந்த மாவட்டத்து போர்த் தண்ணீரில் வளர்ந்த
யாருக்குத்தான் இல்லை?
"ஃபுளோரைடு சார்," என்றாள், யாரும் கேட்காமலே.
வேதியியல், இரண்டாம் ஆண்டு.
"ரெண்டு தெருத் தண்ணியையும் லேபுல பாத்துட்டேன்.
ஒரே அளவு."

அதைக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.
"மேற்படி மாணவி ஒத்துழைக்கவில்லை"
என்று முடித்தோம்.

நான் தைரியசாலி இல்லை.
வெள்ளிக்கிழமை நாலேகால் மணி.
அவள் வராந்தாவில் நின்றிருந்தாள்.
சாவியை மேசைமேல்
எடுக்கத் தோதாக வைத்துவிட்டு
டீ குடிக்கப் போனேன்.
வேண்டுமென்றே இரண்டாவது டீயும்.

திரும்பி வந்தால் சாவி வைத்த இடத்தில்.
அடியில் ஒரு துண்டுச்சீட்டு:
"திருடிக்கொள்ள வரவில்லை சார்.
ஒதுக்கீட்டு ஆணை வேண்டும்.
என் பெயர் போட்டு."

மெஷினில் தாளைச் செருகினேன்.
ஏனோ கார்பனும் வைத்தேன்.
பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து வேண்டுமே,
அவள் அப்பாவுடையது.
இத்தனை பதில்களிலும்
"மேற்படி மாணவி" என்றே அடித்த விரல்களுக்கு
அது தெரியவில்லை.

கோப்பைத் திறந்தேன்,
அவள் கடிதத்தை முதல் தடவையாக
மேலிருந்து படிக்க.