எண்பத்தேழு டிகிரி

எங்கள் ஊரில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும்.
எல் ஆல்டோ,
கடல்மட்டத்துக்கு நாலாயிரம் மீட்டர் மேலே.
எண்பத்தேழு டிகிரியிலேயே குமிழியிட்டுக் குதிக்கும்.
பார்க்கிறவர்கள் ஆகா என்பார்கள்.
உள்ளே கிடக்கும் எலும்புக்கும் கடலைக்கும்
இன்னும் சேதியே போயிருக்காது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன்.
வங்கிக் கூண்டுக்குள் ஒன்பது வருடம்
ஊரார் பணத்தை எண்ணிவிட்டு
ஒரு வெள்ளிக்கிழமை சாவியை ஒப்படைத்தேன்.
சூப் வைக்கப் பாத்திரம் வாங்கும் முன்பே
ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டேன்:
எர்மெலிண்டா லிமாச்சி, உரிமையாளர்.

முதல் மாதம் அலாரத்தை நான்தான் எழுப்பினேன்.
மூன்று மணிக்குக் கடலை அரைத்து
ஐந்துக்கெல்லாம் மினிபஸ் முனையில் நிற்பேன்.
சுவரில் ஒரு தாள்: டிசம்பருக்குள் நூறு கிண்ணம்.
கைப்பேசியில் ஒருவன் தினமும் கத்துவான்,
உன்னால் முடியும், உன்னால் முடியும்.
அவனுக்கென்ன,
அவன் நின்று கத்துவது கடற்கரையில்.

ஜூனில் குழாய் உறைந்தது.
கிண்ணம் பதினொன்றில் நின்றுபோனது.
அப்போதுதான் புரிந்தது,
முதலாளியும் நான்தான்,
தலைவலி என்று லீவு கேட்பவளும் நான்தான்.
கேட்டதும் கொடுத்துவிடுகிற
இளகிய மனசுக்கார முதலாளி.

செய்ய வேண்டியதைப் பட்டியல் போட்டேன்.
பட்டியலைச் சுற்றிக் கட்டம் போட்டேன்.
இரண்டு நிறத்தில் பேனா வாங்கி
அதைச் செலவுக் கணக்கில் எழுதினேன்.
அன்று முழுக்க நடந்த வேலை அது ஒன்றுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அடுப்பே பற்றவைக்கவில்லை.
சான்றிதழ்களைப் பையில் திணித்துக்கொண்டு
கேபிள் காரில் ஏறினேன்,
பழைய வேலையைத் திரும்பக் கேட்க.
காலடியில் ஊர் நகர்ந்தது.
தகரக் கூரைகள், மாடியில் குரைக்கும் நாய்கள்,
விறைத்துக் காயும் போர்வைகள்,
அப்புறம் என் முனை.

மினிபஸ்கள் இடித்துக்கொண்டு நின்றன.
நான் பானை வைக்கும் இடத்தில் மட்டும் வண்டி இல்லை.
யாரோ ஒரு பழைய டயரைப் போட்டு
இடம் பிடித்து வைத்திருந்தார்கள்.
பக்கத்தில் சிவப்புக் குல்லாய் ஒன்று
தெருவின் இருபுறமும் திரும்பித் திரும்பிப் பார்த்தது.
ரெமிஹியோவாக இருக்கலாம்.
அவ்வளவு உயரத்திலிருந்து யாரும் யாராகவும் இருக்கலாம்.

கதையென்றால் அடுத்த நிலையத்தில்
இறங்கித் திரும்பியிருக்க வேண்டும்.
நான் திரும்பவில்லை.
லா பாஸ் வரை போய் வரிசையில் உட்கார்ந்தேன்.
மேலாளர் கூட்டத்தில் இருந்தார்,
ஒன்றே முக்கால் மணி நேரம்.

விண்ணப்பத்தின் பின்பக்கம் சும்மா கிடந்தது.
கடலை மூட்டையாக எடுத்தால் கிலோவுக்கு எவ்வளவு குறையும்,
இரவே ஊறவைத்தால் எரிவாயு எத்தனை நாள் கூட வரும்,
மூன்றுக்குப் பதில் நாலுக்கு எழுந்தால் கட்டுமா,
ரெமிஹியோ பாக்கி பதினெட்டு பொலிவியானோ.
பின்பக்கம் நிரம்பிவிட்டது.
என்னைக் கூப்பிட்டபோது பார்த்தால்
முன்பக்கத்தில் பெயர்கூட எழுதவில்லை.

உற்சாகம் திரும்பி வந்ததா என்று கேட்காதீர்கள்.
வந்தால் வரட்டும், ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் போகட்டும்.
வேகம் வேறு, வேகுவது வேறு.
வரும் வழியில் பழைய பிரஷர் குக்கர் ஒன்று வாங்கினேன்.
எங்கள் உயரத்தில்
கனமான மூடி போட்டால்தான் எதுவும் வேகும்.
எனக்கும் ஒன்று போட்டிருக்கிறேன்:
நாலு மணிக்கு அடுப்பு,
மனசைக் கலந்து பேசுவதில்லை.
சுவர்த் தாளைக் கிழித்து
அடுப்பு மூட்டிவிட்டேன்.

டயரைப் போட்டது யார் என்று கேட்டேன்.
ஆளாளுக்கு அடுத்தவரைக் காட்டினார்கள்.
இப்போது அதன்மேல் பலகை வைத்து உட்காருகிறேன்.

இன்று பதினாறு கிண்ணம்.
அதில் ரெமிஹியோவுடையது கடன்.