எப்போதிலிருந்து

ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்குக்கும் ஒரு ஷூ டப்பா.
ராணிப்பேட்டை கம்பெனியில் தையல் எண்ணும் வேலை எபினேசருக்கு,
அங்குலத்துக்கு எட்டா ஒன்பதா என்று.
கழித்துப்போட்ட டப்பாக்களை வீட்டுக்குக் கொண்டுவருவார்.
உள்ளே இரண்டு சிலிக்கா பொட்டலம், ஈரம் இழுக்க.
"சத்துவாச்சாரியில ஏதுங்க ஈரம்?" என்பேன்.
"அது டிஸ்க்குக்குத் தெரியுமா?" என்பார்.

ஏழு டப்பா. ஒன்பது டி.பி.
ஒன்றையும் சுருக்க விடமாட்டார்.
சுருக்கினால் தலைமுடி மை மாதிரி ஒட்டிக்கொள்ளும்,
பாலாற்று மணல் மாவாகிப்போகும் என்று
என் தம்பியோடு சண்டையே நடந்திருக்கிறது.
ஷைனியின் ஞானஸ்நானம் மட்டும் அறுபத்திநாலு ஜி.பி.
ஐயரின் மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் தெரியும்,
ஜன்னலில் வேப்பமரம்.
இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டிருக்கிறேன்.

நான்தான் பார்க்கிறேன்.

போன செவ்வாய், சி.எம்.சி., டோக்கன் நூற்றுப் பதினெட்டு.
கட்டைவிரலோடு ஆள்காட்டி விரலைத் தட்டச் சொன்னார் டாக்டர்,
சின்னப் பெண்.
நடந்துபோய்த் திரும்பச் சொன்னார்.
பிறகு என் பக்கம் திரும்பி,
"இது எப்போதிலிருந்து?"
"போன கிறிஸ்துமஸ்" என்றேன்.
"கொஞ்ச நாளாத்தான்" என்றார் இவர்.
இரண்டையும் அந்தப் பெண் எழுதவில்லை.
"யோசிச்சு வாங்க" என்றார்.

இவர் எந்த வீடியோவிலும் கிடையாது.
ஒன்பது டி.பி.யில் ஒரே ஒரு தடவை,
எவர்சில்வர் குடத்தில், வளைந்த முகமாக.
ஆகவே நான் முகத்தைத் தேடவில்லை.
கதவு நிலை, கரண்ட் கம்பம், கோட்டை மதில்,
நகரக்கூடாதது எதுவோ அது நகர்கிறதா என்று
ஓரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன கிறிஸ்துமஸ்: மரம் ஆடுகிறது, சுவரும்.
ஏலகிரி: படகு. கணக்கில் சேராது.
அமிர்தி: புள்ளிமான் அப்படியே நிற்க
அதன் கம்பிவேலி நடுங்குகிறது.
பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டே: அசையவேயில்லை.
எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன்.
திரும்பி வந்தால், கடைசி நிமிடத்தில்
ஸ்டாண்டைக் கழற்றி மடிக்கும் சத்தம்.

டப்பாக்களின் மேல் அவர் கையெழுத்து.
முதலாவதில் பட்டாணி.
நாலாவதில் உளுந்து.
ஏழாவதை டி.வி. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான்
கடுகு என்றாவது தெரியும்.
டப்பாவில் இடம் பற்றவில்லை என்று நினைத்திருந்தேன் நான்.

ஐந்தாவது டப்பா. ஷைனிக்கு எட்டு வயது, மே மாதம்.
"ஆட்டத்தைச் சரிசெய்யவா?" என்று கேட்டது லேப்டாப்.
வேண்டாம் என்று அழுத்தினேன்.
பின்னால் வந்து நின்றார், டம்ளரில் பாதி டீயோடு.
இப்போதெல்லாம் பாதிதான்.
"என்ன பாக்குற?"
"சும்மா."
தோலில் கீறல் பார்க்கிற கண்ணால் திரையைப் பார்த்தார், கொஞ்ச நேரம்.
"அன்னைக்கு ஒரே காத்து" என்றார்.

மே மாத வேலூரில் காற்று!
ஃபேனை நிறுத்தச் சொல்லும் அவர் குரலே இருக்கிறது அதில்.
எட்டு மெழுகுவர்த்தி.
ஒரு சுடர்கூட நெளியவில்லை, ஊசி நட்டதுபோல.
கேக், பாப்பா, காலண்டர், சுவர்
எல்லாம் சேர்ந்து ஒரே அளவாக ஆடுகின்றன.

"ஆமாங்க, காத்து" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்தார்.
"ஃபோகஸைப் பாரு, பல்லு விழுந்த ஓட்டை வரைக்கும் தெரியுது."
தெரிந்தது.
தேதியைப் பால்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தேன்.
நாலாவது டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.

திரையில் ஷைனி கன்னம் உப்பி ஊதினாள்.
அப்போதுதான் சாய்ந்தன சுடர்கள்.