பிற நிலைகள் மாறாதிருக்கும்போது

நாளிதழின் ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு
மூன்றாம் பாடவேளைக்குள் நுழைந்தேன்.
ஐம்பத்தோரு பேர். ஒரு மின்விசிறி சுற்றுகிறது.
மற்றதைப் பழுது பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்ததிலிருந்து
அது இன்னும் உறுதியாக நிற்கிறது.

நேற்று தேவை விதி நடத்தினேன்.
விலை ஏறினால் தேவை குறையும்,
பிற நிலைகள் மாறாதிருக்கும்போது.
காசிமேட்டில் அறுபத்தொரு நாளாகப் படகுகள்
மாறாதிருந்தன, கயிற்றில்.
வஞ்சிரம் விலை ஏறியிருந்தது.
"தேவை குறையல மிஸ், வாங்குறது மட்டும்தான் குறைஞ்சிருக்கு"
என்றாள் ஜெசிந்தா.
பாடநூல் அந்த இரண்டுக்கும் ஒரே சொல்தான் வைத்திருக்கிறது.

இன்று, "ரெப்போ வட்டி கால் சதவீதம் குறைப்பு."
தலைப்பை அவளையே படிக்கச் சொன்னேன்.
கண்ணீர் அஞ்சலி வாசிக்கும் குரலில் படித்தாள்.

கரும்பலகையில் அம்புகள் போட்டேன்:
ரிசர்வ் வங்கியிலிருந்து வங்கிக்கு,
வங்கியிலிருந்து வீட்டுக்கடனுக்கு,
அங்கிருந்து செங்கல்லுக்கு, சிமெண்டுக்கு,
சித்தாள் கூலிக்கு.
பார்க்க அழகாகத்தான் இருந்தது,
மெட்ரோ லாரி வந்து நின்று
வரிசையில் குடங்கள் நிரம்புவது மாதிரி.

கடைசி பெஞ்சிலிருந்து டில்லிபாபு:
"அந்த லாரி எங்க தெருவுக்கு வராதா மிஸ்?"

அவன் அம்மாவுக்குக் குழுக்கடன்.
செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு யாராவது ஒருத்தி வீட்டில்
பாய் விரித்து உட்கார வேண்டும்.
ஒருத்தி கட்டாவிட்டால்
மற்ற ஒன்பது பேரும் எழுந்திருக்க முடியாது.
வட்டி எவ்வளவு என்று கேட்டேன்.
"வட்டில்லாம் தெரியாது மிஸ். வாரம் அறுநூத்தி எண்பது."
எத்தனை வாரம்?
"அம்பது."
கையில் வாங்கியது?
"முப்பதாயிரம்."

பெருக்கினார்கள். முப்பத்து நாலாயிரம்.
பதிமூன்று சதவீதம் சொச்சம் என்று எழுதினேன்.
பெரிய அநியாயமில்லை என்று ஒரு கணம் எனக்கே பட்டது.

ஷாஹினா எழுந்தாள்.
வருகைப்பதிவில் தவிர நான் அவள் குரலைக் கேட்டதில்லை.
"பாதி வருஷத்துல பாதி அசல் திரும்பிப் போயிடுதே மிஸ்.
கைல இல்லாத பணத்துக்கும் ஏன் வட்டி?"

சாக்பீஸோடு நின்றேன்.
பதிமூன்றை அடித்துவிட்டு
இருபத்தாறு என்று எழுதினேன், கொஞ்சம் பெரிதாக.
அதன் பக்கத்தில் அந்தக் கால் சதவீதம்
வயசுக்கு வராத பிள்ளை போல் நின்றது.
துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன்
சன்னல் வழியே வந்துகொண்டே இருந்தது.
ஒருவரும் பேசவில்லை.

"இது பரீட்சைக்கு வருமா மிஸ்?"
வராது என்றேன்.
நாலைந்து பேர் பேனாவை மூடினார்கள்.
டில்லிபாபு நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டான்.
அம்மாவுக்குக் காட்டவா,
காட்டி என்ன ஆகும்,
நான் கேட்கவில்லை.

மணி அடித்த பிறகு
வராந்தாவில் செல்போனை எடுத்துப் பார்த்தேன்.
என் வங்கியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி:
மாதவரம் அடுக்ககக் கடனுக்கு
அடுத்த மாதத் தவணையில் முந்நூற்றுப் பதினைந்து ரூபாய் குறைகிறது.
லாரி வந்திருந்தது. என் தெருவுக்கு.
பன்னிரண்டடி தூரத்தில் வகுப்பறைக் கதவு.
திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம்.
செல்போனைப் பைக்குள் போட்டேன்.

அடுத்தது வரலாறு. மேகநாதன் சார்
அம்புகளை ஒவ்வொன்றாக அழித்தார்,
வங்கியை அழித்தார், செங்கல்லை, சித்தாளை.
இருபத்தாறை மட்டும் விட்டுவைத்தார்,
ஏதோ தேதி என்று நினைத்து.