ஒரு தட்டு என்றால் ஆமாம்

மதுரையிலிருந்து திரும்பிய காரில்
மேலூர் தொடங்கி ஒவ்வொரு வேகத்தடைக்கும்
தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்,
ஒட்டவைத்த ஜாடியைப் பிடிப்பதுபோல.

புதுவயலில் அரிசி ஆலைகள் எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்தன.
தவிட்டுத் தூசு வருமென்று சன்னலைச் சாத்திய வீட்டுக்காரர்
கட்டுப்போட்ட என் கழுத்தைப் பார்த்து
"ஒண்ணுமில்லை" என்றார்.
அவருக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

விடியலில் வெறும் வயிற்றில்
சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாய் ஒரு வெள்ளை மாத்திரை.
பிறகு ஒரு மணி நேரம்
காபி வாசனையோடு மட்டும் குடித்தனம்.
கால்சியம் மத்தியானத்துக்கு.
இரண்டும் சம்பந்தி வீடு மாதிரி,
தள்ளி இருந்தால்தான் மரியாதை
என்று சொன்னது டாக்டரில்லை,
உமையாள்.

உமையாளுக்குக் கோட்டையூரில் தையற்கடை.
நான்கு வருடத்துக்கு முன் அதே ஆஸ்பத்திரி, அதே கத்தி.
மருந்துக்கடை அடைக்கலம் அவளிடம் கேட்டுக்கொண்டு
மாத்திரை அட்டையின் பின்னால் அவள் எண்ணை எழுதித் தந்தார்.

முதல்நாள் கூப்பிட்டபோது
எனக்கு வந்தது குரலில்லை, காற்று.
"பேசாதீங்க. பக்கத்துல டம்ளர் இருக்கா?
ஸ்பூனால ஒரு தட்டுன்னா ஆமாம்.
ரெண்டுன்னா இல்லை."

தூங்குனீங்களா?
ணங். ணங்.
கஞ்சி இறங்குதா?
ணங்.
அழுதீங்களா?
ஸ்பூன் நழுவி டம்ளருக்குள் விழுந்தது.
அது ஒன்றா இரண்டா என்று
அவள் கேட்கவில்லை.

ஐந்தாம் இரவு
உதட்டைச் சுற்றி எறும்பு.
விரல் நுனியெல்லாம் எறும்பு.
விளக்கைப் போட்டுத் தேடினேன்,
பாயில் ஒன்றுகூட இல்லை.
மூன்றேகால் மணிக்கு
இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.
"உதடும் விரலுமா?
கால்சியம் இறங்குது. அவசரத்துக்குன்னு எழுதிக் கொடுத்தாங்கள்ல,
அதை மென்னு தின்னுங்க.
அவரை எழுப்பி ஆஸ்பத்திரிக்குப் பேசச் சொல்லுங்க.
நான் வைக்க மாட்டேன்."
வைக்கவில்லை.
எறும்புகள் ஊர்ந்து ஓயும்வரை
காலையில் வெட்டவேண்டிய ஜாக்கெட்டுகளைப் பற்றியே பேசினாள்,
யாரோ ஒருத்திக்குப் பின்கழுத்து ஒன்பது அங்குலமாம்,
நாடாவில் குஞ்சம் வேறு வேண்டுமாம்.

நான் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவு.
இருபத்திரண்டு வருடமாய்
கழுத்திலிருந்து கழற்றுவதை வாங்கித்
தராசில் வைப்பவள்.
எடுத்த தைராய்டு நாற்பத்திரண்டு கிராம் என்று தாளில் பார்த்ததும்
மனசு தானாகக் கணக்குப் போட்டது:
ஐந்தேகால் பவுன்.
மதிப்பு என்ன என்று
பரிசோதனைக்கூடம் இன்னும் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் உமையாள் வீட்டுக்கே வந்தாள்,
கூடவே சம்சுநிஷா.
முக்காட்டைத் தளர்த்திக் காட்டினாள்,
வெள்ளை நூல் ஓடியதுபோல ஒரு கோடு.
"உங்களுக்கு என்னைத் தெரியாது மேடம்.
ஆபரேஷன் செலவுக்குத்தான் சங்கிலியை வச்சேன், டோக்கன் பதினேழு.
மீட்டப்போ
உங்க எதிரிலேயே கழுத்துல போட்டுப் பார்த்தேன்."

கொக்கியைச் சரிபார்த்திருப்பேன்.
கையெழுத்து எங்கே என்று பேனாவால் காட்டியிருப்பேன்.
அந்தக் கோடு
என் கண்ணுக்கும் ரசீதுக்கும் நடுவில்
நின்றுகொண்டிருந்திருக்கும்.

மன்னிக்கச் சொல்லி வாயெடுத்தேன்,
பாதிதான் வந்தது.
"விடுங்க, வட்டியைச் சரியாத்தான் போட்டீங்க" என்று
அவள் சிரித்த சிரிப்பில்
மூன்று கழுத்தும் வலித்தது.

கிளம்பும்போது உமையாள் நாடாவை எடுத்தாள்.
தையல் பக்கம் படாமல், ரொம்பப் பொறுமையாக
அளந்தாள்.
"வேலைக்குப் போகையில காலர் வச்சுத் தரட்டுமா?
வெளியே தெரியாது."

டம்ளரை ஒருமுறை தட்டினேன்.

அவள் புத்தகத்தில் எழுதி முடித்து
மூடப்போன நேரத்தில்
இன்னொருமுறை.