நாலரைக்கும் ஏழுக்கும் நடுவே

நாலரைக்குப் பள்ளி விடும்.
ஏழு மணிக்குத்தான்
எக்ஸ்ரே அறையின் ஈயக் கவசத்தைக்
கழற்றி ஆணியில் மாட்டுவேன்.
நடுவில் கிடக்கும் இரண்டரை மணி நேரத்துக்கு
ஆள் தேடுகிறேன், நாந்த் நகரில்,
செப்டம்பர் பிறந்த நாளிலிருந்து.

"மணிக்குப் பன்னிரண்டு யூரோ.
பூனை ஒத்துக்கொள்பவராக இருக்க வேண்டும்.
மழையைக் குறை சொல்லக்கூடாது"
என்று எழுதிவிட்டு
பூனை வரியை அடித்தேன்.
அது போன மாதமே செத்துவிட்டது.

ஒருத்தி சான்றிதழ்களைச்
சீட்டுக்கட்டு போல மேசையில் பரப்பினாள்.
பிள்ளைகளின் பெயரைக் கடைசிவரை கேட்கவில்லை.
ஒரு பையன், நல்லவன்தான்,
வியாழன் முடியாது, செவ்வாயும் சந்தேகம் என்றான்.
தொலைபேசியில் ஒரு குரல்
என் சம்பளத்தைவிட ஒரு யூரோ கூடக் கேட்டது.
நான் சிரித்தேன். அது சிரிக்கவில்லை.

பிறகு அஸெலின் வந்தாள்,
ரொட்டிக்கடை வேலை முடிந்த கையோடு,
சட்டை மடிப்பில் மாவு.
மூச்சு வாங்கியது.
உட்காராமலே கேட்டாள்:
"நீங்கள் வரத் தாமதமானால்
இவர்கள் என்ன செய்வார்கள்?"

வீட்டுப்பாடம், ஆப்பிள், கொஞ்சம் டிவி
என்று ஆரம்பித்தேன்.

"லிஃப்டை எண்ணுவோம்"
என்றாள் ஸொலென், தலை நிமிராமல்.
"மூணாவது மாடியில் நின்றால் அம்மா இல்லை.
நாலில் நின்று சாவிச் சத்தம் வராவிட்டால்
எதிர்வீட்டுக்காரர்."
"நேற்று பதினேழு" என்றான் மாயெல்.

மணிக்கட்டில் மயிரிழை விரிசல்,
விழுங்கிய நாணயம்,
பார்த்ததும் சொல்லிவிடுவேன்.
இந்தப் பதினேழு
எந்தப் படத்திலும் எனக்குத் தெரிந்ததில்லை.

"எனக்கு லிஃப்ட் பயம்" என்றாள் அஸெலின்,
"படியேறித்தான் வந்தேன்."
மாயெலின் முகம் வாடிவிட்டது.
"அப்போ உங்களை எப்படி எண்ணுவது?"
"என்னை எதுக்கு எண்ணணும்?
நீயும் என்கூடத்தானே ஏறப்போகிறாய்."

திங்கள், ஏழு இருபது.
நாலாவது மாடி. சாவியை
வேண்டுமென்றே இரண்டு முறை திருப்பினேன்.
யாரும் ஓடிவரவில்லை.
சமையலறையில் மூன்று தலைகள்,
பிசைந்த மாவின்மேல் ஏதோ சண்டை.

இதற்குத்தானே காசு கொடுக்கிறோம் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு,
ஈரச் செருப்பைக் கழற்றாமல்
வாசலிலேயே நின்று கேட்டேன்:
"இன்றைக்கு எத்தனை?"

"எது எத்தனை?" என்றான் மாயெல்.