பத்தி

எவோரா ஆவணக் காப்பகத்தில்
மூன்றாவது மழைநாள்.
கன்னிமடத்து நோயாளர் அறையின் கணக்கேடு,
ஆயிரத்து எழுநூற்று நாற்பத்திரண்டு:
ஜுரம் கண்ட சகோதரி இனாசியாவுக்கு
சிங்கோனாப் பட்டை அரை அவுன்ஸ்,
கோழிச் சாறு,
புனித செபஸ்தியாருக்கு மெழுகுவத்தி இரண்டு.
எல்லாம் ஒரே பத்தியில்.
தலைப்பு: மருந்து.

லியோனில்டாவின் கணினியிலோ பத்திகள் இரண்டு.
மருத்துவம். மதம்.
பட்டையை இங்கே போட்டாள்.
கோழியைச் சற்று யோசித்து
அதையும் இங்கேயே போட்டாள்.
மெழுகுவத்தி நடுக்கோட்டில் நின்றுகொண்டு
போகமாட்டேன் என்றது.

"மதத்தில் தள்ளு, சாப்பாட்டுக்கு நேரமாச்சு"
என்றான் பல்தசார்,
அதிகாரம் பற்றி நானூறு பக்கம் எழுதியவன்,
விமானம் ஏறுமுன்
சட்டைக்குள் சிலுவையைத் தொட்டுக்கொள்பவன்.

அடுத்த வாரக் கணக்கில் பட்டை இல்லை.
கோழி இல்லை.
மெழுகுவத்தி மட்டும், ஆறு.
அதற்கடுத்த வரி தச்சனுக்கு,
பலகைக்கும் ஆணிக்கும்.

ஆறு என்ற எண்ணின்மேல்
பழுப்பேறிய ஒரு சொட்டு மெழுகு.
உருப்பெருக்கியை இறக்கினாள்.
உறையுமுன் யாரோ துடைக்கப் பார்த்த
விரல்ரேகை.

சாப்பிடப் போகவில்லை.
இரண்டு பத்திகளையும் ஒன்றாக்கினாள்.
தலைப்புக் கட்டத்தில்
கோடு மட்டும் மினுங்கி மினுங்கி
அணைகிறது.