மைனஸ் நாற்பத்தெட்டில் ஒரு ‘ம்’

யாகுட்ஸ்க் சந்தையில்
மீன்கள் நின்றுகொண்டிருக்கும்,
பெட்டிக்குள் வாலூன்றி, விறைத்து,
பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் போல.

துயாரா அவற்றை விற்கிறாள்.
மூன்று கம்பளிக்கு அடியில், இடது மார்போரம்
கைபேசி.
அடைகாக்கும் சூட்டில்தான் அது பிழைக்கும்.
வெளியே எடுத்தால் நான்கு நிமிடம்;
எண்பத்தொரு விழுக்காடு என்று காட்டியபடியே
செத்துப்போகும்.

காலையிலிருந்து பதினேழு முறை துடித்துவிட்டது.
மகள் பீட்டர்ஸ்பர்க்கில்.
பதில் வராவிட்டால் ஒரு கேள்விக்குறி அனுப்புவாள்,
அப்புறம் மூன்று,
அப்புறம் ‘பாத்துட்டுத்தானே இருக்கே’.

பார்ப்பது சுலபம்.
எழுதத்தான் கையுறையைக் கழற்ற வேண்டும்.
நாலு சொல் சேர்வதற்குள்
விரல் யாருடையதோ ஆகிவிடுகிறது.
‘ம்’ என்று அனுப்புகிறாள்.
எல்லாவற்றுக்கும் ‘ம்’.
மகளுக்கு அதில்தான் கோபம்.

நான் அடுத்த கடை. முயல் விற்கிறேன்.
எனக்குத் துடிப்பதெல்லாம் வங்கிக் கடன் விளம்பரம்.
தெரிந்தும் ஒவ்வொரு முறையும்
கையுறையைக் கழற்றுகிறேன்.

நேற்று நண்பகலில் அவளுடையது அணைந்தது.
எடுத்து, மூச்சை ஊதிப் பார்த்தாள்.
ஊதிய மூச்சு திரையிலேயே உறைந்தது.
சுரண்டிவிட்டு
மறுபடி அதே இடத்தில் செருகிக்கொண்டாள்.

யாரோ விலை கேட்டார்.
மார்பை உள்ளங்கையால் அழுத்தி,
வேறெதையோ கேட்பவள் போல
தலையைச் சாய்த்து நின்றவள்
பாதி விலை சொன்னாள்.

அவர் மறுபேச்சில்லாமல்
நான்கு மீன்களை
விறகு போல அள்ளிக்கொண்டு போனார்.